கிழங்குப் பாத்திக்குள் ஆறு போத்தல்

மோனை,

கடைசியில் என்னையும் சந்தேகப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். விசாக் கடிதம் நேற்றுப் பின்னேரம் வந்தது. உன்னுடைய கலியாணத்துக்கு வந்தால் நான் திரும்பிப் போவேன் என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம். ஐம்பத்தெட்டு வயதில், பிடித்த முழங்காலோடு, புளியங்கூடலில் இரண்டு பசுவையும் ஒரு புருசனையும் விட்டுவிட்டுப் பாரிசில் எந்தக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கப்போகிறேனோ தெரியவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பாக்கியமக்காவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவங்கள் பிழையா எழுதேல்லையடி. உன்ர முழியைப் பாத்தா எனக்கே விசா தர மனம் வராது" என்றார். ஊரில் ஒருவரையும் விடாமல் மோப்பம் பிடித்த எனக்கு இது வேண்டியதுதான். ஆனால் கலியாணத்துக்கு வராத தாய் ஒரு கடிதமாவது எழுத வேண்டும். நேரில் வந்திருந்தால் மேளச் சத்தத்தில் இதையெல்லாம் சொல்லாமல் தப்பியிருப்பேன். இந்தக் கடிதத்தை எங்கள் ஊர்ப் பத்திரிகையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே ஊரும் வாசிக்கும். வாசிக்கட்டும். ஊரைப் பற்றி நான் கதைத்த கதைக்கு இது கழியட்டும்.

என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும். வருணிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புங்குடுதீவுத் தாய்தகப்பனுக்குப் பாரிசில் பிறந்த பிள்ளை, வருகிற மாதம் எனக்கு மருமகள், ஆகவே அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடம் அரிசி நிறுத்துக் கொடுத்தவள் நான். தேங்காயெண்ணெயில் வேறெண்ணெய் கலந்திருந்தால் தகரத்தின் மூடியைத் திறந்தவுடன் சொல்லிவிடுவேன். ஆனால் என் மூக்குக்குப் பள்ளிக்கூடம் சங்கக்கடையல்ல, உன் அப்பா. மினிவான் ஓட்டிய காலத்தில் அவர் பின்னேரம் படலையைத் திறக்கும்போது நான் முன்னால் போய் நிற்பேன். குடித்தீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் "இல்லை" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். ஒரு சொல்லில் எவ்வளவு மூச்சு வரும்? அதனால், "இண்டைக்கு ஊர்காவற்றுறையில ஆரார் ஏறினவை?" என்று கேட்பேன். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் காற்றைப் பிரித்துப் பார்ப்பேன். கள்ளா சாராயமா, எந்தக் கொட்டில், தொட்டுக்கொண்டது கடலையா கணவாயா, மறைக்கப் போட்டது வெற்றிலையா ஏலக்காயா, எல்லாம் வந்துவிடும். மனுசன் பாவம், தன் பெண்சாதிக்கு ஊர்ப்புதினம் கேட்பதில் அப்படியொரு ஆசை என்று பல வருடம் நம்பியிருந்தார்.

நீ வெளிநாடு போய் ஒரு வருடத்தில் அவர் நயினாதீவு அம்மனுக்கு முன்னால் சத்தியம் செய்து குடியை விட்டார். பதினொரு வருடம். மூக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்களே, அதுபோல அதுவும் பால்காரன், மீன்காரன், பாக்கியமக்காவின் குழம்புச் சட்டி என்று அலைந்து கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் நீ பொங்கலுக்கு வந்து சூட்கேசைத் திறந்தாய். துவாய்களில் சுற்றி ஆறு போத்தல் வைன். பதினொரு வருடம் ஒரு சொட்டு வராத வீட்டுக்குள் நான் பெற்ற பிள்ளையே ஆறு போத்தலைக் கொண்டுவந்து கட்டிலில் அடுக்குகிறான். ஹோட்டலில் வேலை என்று மட்டுந்தான் சொல்லியிருந்தாய். கோப்பை கழுவுகிறாயாக்கும் என்று நான் அம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பிட வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டோடு எந்த வைன் என்று சொல்வதுதான் உன் வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப நாள் முழுக்கக் குடிக்கிறியோ?"

"குடிக்கிறேல்லை அம்மா. வாயில வைச்சு ருசி பாத்திட்டுத் துப்புறனான்."

"துப்புறியோ?"

"ஓம்."

"துப்புறதுக்குச் சம்பளம் தாறாங்களோ?"

"ஓமம்மா. நல்ல சம்பளம்."

வாயில் வைத்த சாமானைத் துப்பிய ஆண்பிள்ளை ஒருவனை மண்டைதீவிலிருந்து நயினாதீவு வரைக்கும் நான் கண்டதில்லை. நீ சொன்னதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. கலியாணத்துக்கு அடுத்தநாள் நாற்பது பேருக்கு நீயே சமைத்து விருந்து வைக்கப் போகிறாய், எல்லாம் என்னுடைய கறிகள், எந்தக் கறியோடு எந்த வைன் என்று நான்தான் சொல்ல வேண்டும் என்றாய். "உங்கட கறிக்கு ஒரு புத்தகத்திலயும் இல்லையம்மா. உங்கட நாக்குத்தான் புத்தகம்" என்றாய். தாயைப் புகழ்கிற மகனைவிடச் சந்தேகத்துக்குரியவன் உலகத்தில் யார்?

குளிர்சாதனப் பெட்டியில் வைக்க நான் விடவில்லை. அயலட்டையின் ஐஸ்கட்டி, ஊசிமருந்து எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு நாளில் பத்துப் பேர் திறப்பார்கள். நல்லகாலம், பனங்கிழங்குப் பாத்தியில் பாதியைப் பொங்கலுக்கு முதல்தான் கிண்டி எடுத்திருந்தோம். மாரி மழை குடித்த மணல், உள்ளே கையை விட்டால் சில்லென்றிருக்கும். "இதைவிட நல்ல நிலவறை பாரிசிலயும் இல்லை" என்று நீ சிரித்தாய். ஆறு போத்தலையும் கிடத்தி மூடி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஈர்க்கைக் குத்தி அடையாளம் வைத்தோம். கடைசி ஈர்க்கைக் குத்தும்போது வேலிக்கு மேலே பாக்கியமக்காவின் தலை.

"என்னடியப்பா, கிழங்கு கிண்டின பாத்திக்குள்ள திரும்பவும் கிழங்கு நடுறியள்?"

"இது புது இனம், அக்கா. பிரான்சில இருந்து தம்பி கொண்டந்தவன்."

"ஓமோம். முளைச்சால் எனக்கும் ஒரு கிழங்கு தா."

அடுத்தநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு படுத்தேன்.

நாக்கு சுத்தமாக இருக்கிற நேரம் முற்பகல் பதினொரு மணி என்றாய். அந்த நேரத்தில் உன் அப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விடுவார். குசினிப்பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அதையும் நான் சந்தேகப்பட்டேன்: ரேடியோவை ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறார்? குசினியில் நீ கிளாசைச் சுழற்றி முகர்ந்துவிட்டு, எலுமிச்சை, பச்சைப் புல், ஈரக்கல் என்று சொல்வாய். நான் முகர்ந்துவிட்டு, வெறும் ஈரக்கல் இல்லை, முதல் மழைக்கு நனைந்த கடல் முருகைக்கல் மதில் என்றேன். இன்னொன்றில் நெல் அவித்து இறக்கிய அண்டா இருந்தது. ஒரு சிவப்பு வைனில் அலுமாரிக்குள் நெடுநாள் மடித்து வைத்த கூறைச்சேலையே இருந்தது. நீ கொப்பியில் எழுதிக்கொண்டே, "அம்மா, இந்த மூக்குக்கு எங்கட முதலாளி காலில விழுவார்" என்றாய். இந்த மூக்கு எப்படி வந்ததென்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாய். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது மிளகாய்த்தூளால் என்று சொன்னேன். பொய்.

சொதிக்கு அந்த முருகைக்கல் வைன் ஒட்டிக்கொண்டது. தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் அதைக் கண்டவுடன் சொந்தக்காரரைப் போல் கதைக்கத் தொடங்கின. நண்டுக்கறிக்கு அது எடுபடவில்லை. கொஞ்சம் இனிப்பு நின்ற மற்ற வெள்ளைதான் உறைப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தது. காயவைத்த பனங்கிழங்கை இடித்துக் காய்ச்சிய ஒடியற்கூழோடு நீ ஒரு சிவப்பை ஊற்றித் தந்தாய், மறந்திருக்க மாட்டாய். ஒடியலின் கசப்பும் வைனின் துவர்க்கிற கயரும் சேர்ந்து, பழுக்காத நாவற்பழத்தை வேப்பங்குச்சியால் கிண்டிச் சாப்பிட்ட மாதிரி. கணவாய்க்கும் அதே சிவப்பைப் பார்த்தோம், தகரப்பேணியை நக்கியது போலிருந்தது. கூழுக்கு இளஞ்சிவப்பு ஒன்றுதான் சரிவந்தது. கூழுக்குள் மீன், றால், பயிற்றங்காய், பலாக்கொட்டை என்று ஊரே இருக்கிறது. எல்லோருடனும் ஒத்துப்போகிற ஆள் வேண்டுமல்லவா?

இனி வெட்கங்கெட்ட பகுதி. நீ துப்புவதற்கு என் கலியாணப் பித்தளைப் படிக்கத்தைத் தந்தேனே, அது அன்பினால் இல்லை. நீ கை கழுவப் போன நேரம் படிக்கத்தில் இருந்ததை இருமல் மருந்து மூடியால் அளந்தேன். சங்கக்கடைப் புத்தி. ஊற்றியது எவ்வளவு, துப்பியது எவ்வளவு என்று பார்த்தால் ஆறு மூடி குறைந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்தநாள் கண்ணை எடுக்காமல் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு சொட்டும் விடாமல் துப்பினாய். மூடியால் அளந்தால் திரும்பவும் ஆறு குறைகிறது. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் விளங்கியது, நீ எனக்குத் தந்த கிளாசையும் நான் கணக்கில் சேர்த்திருக்கிறேன். அதைத் துப்ப எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு தூரம் துவாய் சுற்றி வந்த சாமானை எப்படித் துப்புவது? கள்ளனைப் பிடிக்கப் போன இடத்தில் என் கன்னம் சூடாகிக் கிடந்தது.

பிடிபடாத கள்ளியாக இருந்துகொண்டு, பழைய விசயம் ஒன்றையும் அன்றைக்கு நினைத்தேன். உனக்குப் பத்தொன்பது வயது. அப்பத்துக்கு மாவைப் புளிக்க வைக்கக் கொஞ்சம் கள்ளு எடுத்துத் தரச்சொல்லிப் பாக்கியமக்காவிடம் கேட்டது நான். அவர் அதை உன் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார். நீ படலையைத் திறந்தாய், சட்டையின் முன்பக்கம் நனைந்து, கள்ளு மணம் என் மூக்கில் அடித்தது. மூக்கு வேலை செய்தால் கண் வேலை செய்யாது. கையிலிருந்த பாதிப் போத்தலை நான் பார்க்கவில்லை. கோயில் கூட்டத்துக்குச் சொல்ல வந்த நாலு பேருக்கு முன்னால் அகப்பைக் காம்பால் அடித்தேன். "கொப்பரைப் போலதானே பிள்ளையும் வரும்" என்றேன். உன் அப்பாவும் அங்கேதான் நின்றார். ஒரே சொல்லால் இரண்டு பேரை அடித்திருக்கிறேன். பாக்கியமக்கா வந்து விசயத்தைச் சொன்ன பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்தநாட் காலை உன் அப்பத்துக்கு இரண்டு மடங்கு பால் விட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத தாய்மார் பாலைக் கூட்டி விடுவார்கள். நீ அதைச் சாப்பிட்டாய். நாலு மாதத்தில் விமானம் ஏறினாய்.

இவ்வளவு படித்தும் எனக்குப் புத்தி வந்ததா என்று கேள். ஐந்து போத்தல் முடிந்து, ஆட்டிறைச்சிக் கறிக்கென்று உன் முதலாளி தந்த சிவப்பு ஒன்றுதான் மணலுக்குள் மிச்சமிருந்தது. அந்த நேரத்தில்தான் விசாவுக்குக் கைரேகை கொடுக்க நீயும் நானும் கொழும்புக்குப் போனோம். போக வர மூன்று நாள். உன் அப்பா மாடுகளுக்காக நின்றுகொண்டார். வந்த அடுத்த காலை அடுப்பில் இறைச்சியை ஏற்றிவிட்டுப் பாத்தியைக் கிண்டினால், ஈர்க்கு நிற்கிறது, போத்தல் இல்லை.

நேரே முன்பக்கம் போனேன். அவர் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பல வருடம் வெற்றிலை போடாத மனுசன், நீ வந்த நாளிலிருந்து போடத் தொடங்கியிருந்தார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. நீ பின்னால் ஓடி வருவதற்குள் சொல்லிவிட்டேன்:

"பதினொரு வருசச் சத்தியத்தை ஒரு போத்தலுக்கு வித்துப்போட்டியள், என்ன?"

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார். நீ அவ்விடத்திலேயே நின்று, சத்தம் போடாமல் கேட்டாய்:

"அவரிட்டக் கேட்டனீங்களோ அம்மா?"

"என்னத்தைக் கேக்கிறது? வெத்திலையைக் கண்டனிதானே?"

"நீங்கள் ஒருநாளும் கேக்கிறேல்லை. மோந்துதான் பாக்கிறனீங்கள்."

பன்னிரண்டு வருடம் வைத்திருந்து சொன்னாய் என்று விளங்கியது. அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அரை மணித்தியாலத்தில் பாக்கியமக்கா சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து மேசையில் வைத்தார். அந்தப் போத்தல்தான். மூடியின் மெழுகுகூட உடையவில்லை.

"இந்தா, உன்ர பிரெஞ்சுக் கிழங்கு. மூண்டு நாளா என்ர அலுமாரிக்குள்ள படுத்துக் கிடந்தது."

"உங்களிட்ட எப்பிடி வந்தது?"

"நீங்கள் கொழும்புக்கு வெளிக்கிட்ட அண்டைக்கே அவர் கொண்டந்து தந்தவர். 'அக்கா, வீட்டில ஒருத்தரும் இல்லை. இது கிடக்கிற இடம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு தனிய இருக்க ஏலாமல் கிடக்கு. பூட்டி வையுங்கோ, நான் வந்து கேட்டாலும் திறப்பைத் தராதையுங்கோ' எண்டவர்."

"கேட்டவரோ?"

"ஒருக்கா வந்தவர். வந்து படலைக்க நிண்டுபோட்டு, ஒண்டும் கேளாமல் போட்டார். இப்ப கோயிலடியால என்னட்ட வந்து, 'அதைக் கொண்டுபோய்க் குடுங்கோ' எண்டிட்டுப் போறார்."

"நேற்றுப் பின்னேரமே எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லாதையுங்கோ எண்டவர். நான் சொல்லேல்லை."

சொல்லவில்லையாம். எங்கள் வீட்டில் பாத்திரம் விழுந்தால் அதன் விலையைப் புங்குடுதீவு வரைக்கும் கொண்டுபோகிற பாக்கியமக்கா! பாத்திக்குள் வைன் இருக்கிற கதைகூட வேலியைத் தாண்டவில்லை. ஊரில் நான் ஆகக்கூடச் சந்தேகப்பட்ட இரண்டு பேர், ஒருவர் தன்னைத் தானே பூட்டிவைக்கப் பார்த்திருக்கிறார், மற்றவர் வாயைப் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை.

மத்தியானம் அவர் திரும்பி வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். நீ போத்தலைத் திறக்கலாமா என்று அவரிடம் கேட்டாய். கவனித்தேன், நீ கேட்டாய். "திற, திற. ஆள் நடமாட்டம் இருக்கேக்க எனக்கு ஒண்டுமில்லை" என்றார். நான் சட்டியைத் துழாவி நல்லி எலும்பாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன். அவர் எலும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, வாயால வராதது எலும்புக்குள்ளால வருதோ?"

உனக்குப் புரையேறியது. தப்ப வழியில்லாமல், "பிழைதான்" என்றேன்.

"இண்டைக்குச் சொன்னதுக்கு மட்டுமோ, எல்லா வருசத்துக்குமோ?"

"இண்டைக்கு மட்டும். மிச்சத்தை யோசிச்சுச் சொல்லுறன்."

"ஆறுதலா யோசியும். நான் எங்கயும் போகேல்லை."

அந்த வெற்றிலை எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். வாயில் ஏதாவது கிடந்தால் கை வேறொன்றைத் தேடாதாம். இதைக் கேட்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அன்றைக்கு நீ ஊற்றித் தந்த வாய் வைனை நான் அவருக்கு முன்னால் படிக்கத்தில் துப்பினேன், ஒரு சொட்டு விடாமல். துப்பலாம் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஆகவே விருந்துக்கு இப்படிச் செய். ஆட்டிறைச்சிக்கு அந்தச் சிவப்பேதான். வறுத்த மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் கண்டு அது பயப்படவில்லை. அதன் கயர் கொழுப்பை வழித்துக்கொண்டு போனது. கொஞ்சம் அடிப்பிடித்த கறியோடுதான் நாங்கள் பார்த்தோம், அதனால் நீயும் கொஞ்சம் அடிப்பிடிக்க விடு. வைனைக் கொடுக்கும்போது பக்கத்தில் தண்ணீரும் தேசிக்காய்ச் சர்பத்தும் அதே மாதிரிக் கிளாசில் வை. எடுக்காதவரை ஏன் எடுக்கவில்லை என்று ஒருவரும் கேட்காதபடி பார்த்துக்கொள். வருணி உன் வேலைக்களைப்பையும் வைன் மணத்தையும் சேர்த்து வீட்டுக்கு வரவேற்கப் போகிற பிள்ளை. என் மூக்கு அவளுக்குத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் உன்னிடம் கேட்கச் சொல்லு. அவள் கேட்டால் ஒரு சொல்லில் முடிக்காமல் ஆறுதலாகப் பதில் சொல்லு. கிளாசை மோந்து பாருங்கள், ஆளைக் கேளுங்கள். இது என் புத்தி என்று நினைக்காதே. என்னுடையதாக இருந்தால் முப்பது வருடத்துக்கு முதலே உபயோகித்திருப்பேன். நேற்றும் உன் அப்பா ஊர்காவற்றுறைக்குப் போய் நேரம் பிந்தி வந்தார். படலையடியில் நின்று "குடிச்சனீங்களோ?" என்று நேரே கேட்டேன். "இல்லையப்பா" என்றார். அவ்வளவுதான், ஒரு சொல். முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் அப்பம் சுடப்போவதாகச் சொன்னாய். அதற்கு வைன் தேடாதே. அங்கே கள்ளு கிடைக்காது, ஈஸ்ட் போட்டுத்தான் புளிக்க வைப்பாய், பரவாயில்லை. பாலை அளவாக விடு.

அந்த அப்பத்தைப் பற்றித்தான் இன்னும் ஒன்று. அன்றைக்கு நடந்ததைப் பாக்கியமக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் உன் கையில் போத்தலைத் தந்ததுவரைதான் அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு படலைவரை நீ வந்த வழியில் என்ன நடந்தது, சட்டை எப்படி நனைந்தது என்று நான் கேட்கவில்லை. உன்னை அடித்தது பிழை, மோனை. கேட்காதது அதைவிடப் பெரிய பிழை. பன்னிரண்டு வருடம் பிந்திக் கேட்கிறேன்: அந்தக் கள்ளு உன் சட்டையில் எப்படி ஊற்றுப்பட்டது? ஆறுதலாக எழுது, எவ்வளவு நீளமென்றாலும் எழுது. கடிதத்தில் மூச்சு வராது. நீ எழுதுவதை நான் அப்படியே நம்ப வேண்டியதுதான்.

அம்மா